திங்கட்கிழமைத் தலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீடுகளிலிருந்து கறி வாசம் வரும். எங்கள் வீட்டிலிருந்து என் அலறல் வரும். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, ஆடு அறுக்கிறீர்கள் போலிருக்கிறது, எங்களுக்கும் ஒரு கூறு எடுத்து வையுங்கள் என்று கத்துவாள். துணி துவைக்கிற கல்லின் மேல் அம்மா உட்கார்ந்திருப்பாள். நான் கீழே, சிமெண்டுத் தரையில். என் தலை அவளுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இருக்கும். ஒரு முழங்கால் இடது காதை அமுக்கும், இன்னொன்று வலது காதை. திமிறினால் இன்னும் இறுக்குவாள். அந்த முழங்கால்களில் தேய்மானம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எனக்குத் தெரிந்து அவை இரும்பு.

அப்போது எனக்கு இருபது வயது. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் இடுப்பில் பிள்ளையோடு திரிந்த காலத்தில், நான் பெற்றவளின் கால்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்துவிட்டு மூக்கொழுக அழுதுகொண்டிருந்தேன்.

காரணம் என் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கைப்பேசிக் கேமராவுக்குள் வைக்கிற மிளகளவுக் கண்ணாடிகளைச் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். அந்தக் கண்ணாடியில் ஒரு தூசி விழுந்தால் தட்டு முழுவதும் வீண். மனிதத் தலையைப் போலத் தூசி உதிர்க்கிற சாமான் உலகத்தில் வேறில்லை என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் பெண்களுக்கு ஒரு விதி. நடு வகிடெடுத்து இரண்டு பின்னல், உச்சியிலிருந்தே மண்டையோடு ஒட்டிப் பின்ன வேண்டும். இரண்டையும் பிடரியில் குறுக்காகப் போட்டு ஊசி குத்தி, அதன்மேல் வலை, வலைமேல் தொப்பி, தொப்பிமேல் கண் மட்டும் தெரிகிற வெள்ளை முக்காடு. கொண்டை போட்டால் முக்காடு உட்காராது. எண்ணெய் கூடாது, பூ கூடாது. பொடுகு கூடவே கூடாது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒருத்தி நிற்பாள். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறவள். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். கையில் ஐஸ் குச்சி வைத்திருப்பாள். நாங்கள் வரிசையாகக் குனிந்து நிற்க, அந்தக் குச்சியால் வகிட்டைக் கீறிப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் தோளில் ஒரு தட்டு, உள்ளே போகலாம். செதில் ஒட்டினால் குச்சியை நம் மூக்குக்கு நேரே நீட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நம் தலை அழுக்கை நாமே பார்த்துவிட்டு, வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்க, திரும்பி நடக்க வேண்டும். மூன்றாம் முறை அப்படித் திரும்பினால் ஒப்பந்தக்காரர் பெயரை அடித்துவிடுவார். என்னை இரண்டு முறை திருப்பியிருந்தாள்.

அம்மா இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டார்கள். வயல் கம்பெனியானதும் இவள் கம்பெனியைப் பெருக்கினாள். நைனா செத்த பிறகு அந்தத் துடைப்பம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதற்காக அவளுக்குத் துடைப்பத்தின் மேல் மரியாதை இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் அதை நிமிர்த்தி வைத்தால்கூட எட்டி உதைப்பாள். என் பெண் ஏ.சி.யில் நின்று வேலை செய்கிறாள், வியர்வை என்றால் என்னவென்றே தெரியாது என்று ரேஷன் கடை வரிசையில் அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் ஒருத்திக்கும் பொறுக்காது.

இரண்டாம் முறை நான் திரும்பி வந்த அன்று அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"பழகிக்கோ," என்றாள். "இந்த வேல போச்சின்னா நாளைக்கே என் கூட வந்துடு. ரெண்டு பேரும் சேந்து பெருக்கிகினு கிடக்கலாம்."

அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய துடைப்பம் அது; ஆயிலும் ஏதோ மருந்தும் கலந்த நாற்றம் அடித்தது. நான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். அதைத் தொடாமல் தள்ளிவிட்டு, வாழ்நாளில் எதைத் தொட்டாலும் இதைத் தொடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என் ஆசையும் அவள் ஆசையும் ஒன்றுதான். அதனால் எங்களுக்குள் பாசம் பெருகியது என்று கதை விடமாட்டேன். ஒரே எலும்புக்கு ஆசைப்படுகிற இரண்டு நாய்கள்கூட ஒன்றையொன்று கடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

தலையில் அழுக்கு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் குளிக்காதவள் என்று நினைப்பீர்கள். எங்கள் தெருவில் இரும்பு உருக்குகிற ஆலைகளின் புகை இறங்கும். காலையில் வெளுத்த துணி காயப்போட்டால் மாலையில் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் தலையிலும் இறங்கும். போதாததற்கு போர் தண்ணீர். மீஞ்சூரில் கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்கி நகரத்துக்கு அனுப்புகிறார்கள்; எங்கள் குழாயில் வருவதை வாயில் வைத்தால் கருவாட்டுக் குழம்பு. அதில் சோப்பு நுரைக்காது, தயிராகத் திரியும். சீயக்காய் போட்டால் அது எண்ணெயை எடுக்காமல் எண்ணெயோடு சேர்ந்து பசையாகி வேர்க்காலில் அப்பிக்கொள்ளும். காய்ந்ததும் அதுவே செதிலாக எழும்பும். என் தலையில் இருந்தது பொடுகே இல்லை. எண்ணெய், உப்பு, சீயக்காய், சாம்பல் நாலும் சேர்ந்து வைத்த பூச்சு. இதைக் குச்சிக்காரியிடம் சொல்ல முடியுமா?

அம்மாவிடமும் சொல்ல முடியாது. எண்ணெய் வைக்காத தலை பிணத்தின் தலை என்பாள் அவள். கம்பெனி வேண்டாம் என்றாலும் சனிக்கிழமை பின்னலை அவிழ்த்ததும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை உச்சியில் ஊற்றி அறைவாள். மறுநாள் காலையில் அதை எடுக்கிறேன் என்று சீயக்காயைக் குழைத்து அப்பி, பேன் சீப்பால் மண்டையைச் சுரண்டுவாள். சட்டியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டுகிற சுரண்டல். முதலில் வெள்ளைச் செதில் வரும், அப்புறம் சாம்பல் நிறப் பசை வரும், அப்புறம் ரத்தம் வரும். ரத்தம் வந்தால்தான் அவளுக்குத் திருப்தி, அடி வரைக்கும் போய்விட்டோம் என்று. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அடிக்கிற கைக்கு நிறைய வேலை இருந்தது, அணைக்க நேரமில்லை.

அலசித் துவட்டிய பிறகு பின்னல். அதுவும் லேசுப்பட்டதில்லை. தினமும் அவிழ்த்துப் பின்னினால் முடி அறுந்து கொட்டும், சாம்பல் உள்ளே இறங்கும், வேலைக்கும் நேரமாகும். அதனால் எங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே வழக்கம்: ஞாயிற்றுக்கிழமை போட்ட பின்னல் சனிக்கிழமைதான் அவிழும். அதுவரைக்கும் தலையில் தண்ணீரும் படாது, சீப்பும் படாது. ஆறு நாள் தாங்க வேண்டுமென்றால் எப்படி இறுக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா பின்னினால் புருவம் மேலே ஏறிவிடும். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவள் மாதிரி இருப்பேன். பின்னலுக்கு அடியில் அழுக்கு தங்கியிருந்தால் அதோடு தொலைந்தது, வாரம் முழுவதும் அரிக்கும், சொரியவும் முடியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கு அத்தனை முக்கியம். மாதா கோயிலுக்குக்கூட நாங்கள் போவதில்லை. பங்குச் சாமியார் வழியில் பார்த்துக் கேட்டபோது அம்மா தயங்காமல் சொன்னாள்.

"கர்த்தர் மன்னிச்சிடுவாரு ஃபாதர். அந்த குச்சிக்காரி மன்னிக்க மாட்டா."

இரண்டாம் முறை திருப்பி அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மேடம் விடுப்பு, அவளுக்குப் பதில் நின்றவன் தலையையே பார்க்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வகிட்டில் ஈரத்துணியை ஒற்றி எப்படியோ ஒப்பேற்றினேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். ஆனால் திங்கட்கிழமைச் சோதனை வேறு. திங்கட்கிழமை எல்லோருக்கும் புதுப் பின்னல் என்று அவளுக்குத் தெரியும். வகிட்டோடு நிற்காமல் பின்னலின் மூன்று கால்களுக்கு நடுவிலும் குச்சியை விட்டுத் தோண்டுவாள். அதில் தப்பினால்தான் வேலை. தப்பாவிட்டால் துடைப்பம்.

அந்த வாரம் கடைகளில் தொங்குகிற ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றையும் வாங்கி, வழக்கத்தை மீறி ராத்திரியில் பின்னலை அவிழ்த்துத் தேய்த்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். புளித்த தயிர் தேய்த்தோம், ஈ மொய்த்தது. போர் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. பியூட்டி பார்லரில் விசாரித்தபோது அங்கிருந்த பெண் என் வகிட்டைப் பார்த்துவிட்டு, எண்ணெயை அடியோடு விட்டு நாலைந்து முறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் தானாக விட்டுப்போகும், ஒரு மாதம் ஆகும் என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு நாங்கள் எங்கே போவது, மேடமை அதுவரை லீவில் இருக்கச் சொல்வாயா என்று கேட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அம்மா வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே பேச்சை நிறுத்தியிருந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட் போர் தண்ணீரும், அதன் பக்கத்தில் குடிக்கிற கேன் தண்ணீரும் வைத்திருந்தாள். குடிக்கிற தண்ணீரைத் தலைக்கா என்று கேட்டேன். குனி என்றாள். குனிந்தேன். முழங்கால்கள் மூடிக்கொண்டன.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. அது என்ன என்று கேட்டதற்குப் புது ஷாம்பு என்றாள். தலையில் விழுந்தது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வழுவழுப்பாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் தலையில் நுரை பொங்கியது, போர் தண்ணீரிலேயே பொங்கியது. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அடடா, இத்தனை நாள் இதை வாங்காமல் போனோமே என்றுகூடச் சொன்னேன்.

அப்புறம் எரிய ஆரம்பித்தது. முதலில் போன வாரம் சீப்புக் கீறிய இடங்களில், அப்புறம் எல்லா இடத்திலும். மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி மண்டை முழுவதும். எரிகிறது, கழுவு கழுவு என்று கத்தினேன்.

"எரிஞ்சா அழுக்கு போவுதுன்னு அர்த்தம்," என்றாள் அம்மா.

தேய்த்தாள். விரல் நுனிகளால் வட்டம் வட்டமாக, தரையில் கறை எடுக்கிற மாதிரி ஒவ்வோர் இடமாக நின்று தேய்த்தாள். நான் அவளுடைய வலது முழங்காலைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். புடவைத் துணி வாயில் வந்தது, சதையும் வந்தது. அவள் பிடியை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அன்று ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு போர் தண்ணீரால் அலசி, கேன் தண்ணீர் முழுவதையும் சாய்த்து அலசினாள். அந்த வாரத்துக்கு நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். முகத்தைத் தூக்கி, வெயில் பக்கம் தலையைத் திருப்பி, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கொண்டுவந்து எனக்கும் காட்டினாள். அழுக்கு இல்லை. செதிலில் ஒரு பொட்டுகூட இல்லை. உரித்த வெங்காயம் மாதிரி என் மண்டை பளபளத்தது, நிறம் மட்டும் சிவப்பு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாளாம் ஒருத்தி. கொளுத்திய பிறகு அந்த வீட்டில் எலி இல்லாமல்தானே இருந்திருக்கும்.

ஆறவிடக்கூட இல்லை. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே பின்னலுக்கு உட்கார்ந்தாள். வால் சீப்பின் முனையால் வகிடெடுத்தபோது எனக்குக் கண் இருட்டியது. முடியை ஒவ்வொரு காலாக எடுத்து இழுக்க இழுக்க, அடியிலிருந்த தோலும் கூடவே எழும்பி வந்தது. நான் கெஞ்சினேன். கொஞ்சம் தளர்த்திப் போடு, உன் காலில் விழுகிறேன் என்றேன். தளர்ந்தால் சாம்பல் போகும், சாம்பல் போனால் குச்சியில் வரும் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்று இழுத்தாள். அந்த நிமிடம் அவள் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். செத்தா சாவறேன், ஆடாத என்றாள்.

திங்கட்கிழமை காலை வரிசையில் நின்றேன். குனிந்தேன். குச்சி வந்தது. வகிட்டில் ஒரு கீறல், பின்னலுக்குள் ஒரு தோண்டல், காதோரம் ஒரு தோண்டல். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் வாயில் ரத்தச் சுவை வந்தது. மேடம் குச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மறுபடியும் என் தலையைப் பார்த்தாள். என் பிடரியில் கை வைத்து, அப்படியே இரு என்று அமுக்கி, மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க எல்லாரும். செவப்பாவுற வரைக்கும் தேச்சிருக்கா. வேல மேல ஆச இருக்கிற தல இப்டித்தான் இருக்கும்."

ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் குனிந்தபடியே நின்று எல்லோருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்றவளுக்கு அது மூன்றாம் முறை. அவளுடைய மூக்குக்கு நேரே குச்சி நீண்டது. அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். எனக்கு அவள்மேல் பரிதாபம் வரவில்லை. நானில்லை, நானில்லை என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

உள்ளே குளிர். மண்டைக்கு அது முதலில் இதமாக இருந்தது. காலை நாஷ்டா நேரத்துக்குள் புண்ணில் நீர் கோத்து வலை ஈரமாகிவிட்டது. தொப்பிக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஊர்ந்தது என் தலையிலிருந்து கசிந்த நீர்தான். கையைத் தூக்கித் தொடக்கூடாது, அது விதி. கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு துண்டுகூடப் பழுதாகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்னலை அவிழ்க்கச் சொல்லி அழுதேன். அவிழ்த்து எண்ணெயோ மருந்தோ ஏதாவது போடு என்றேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் தள்ளினாள்.

"சனிக்கெழம வரிக்கும் அதும்மேல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்."

எனக்கும் இரண்டு கைகள் இருந்தன. அவள் வேலைக்குப் போன நேரத்தில் நானே அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் அத்தனை இறுக்கமாகத் திரும்பப் போட எனக்கு வராது, போட்டாலும் அடியில் உரிகிற தோல் குச்சியில் வந்துவிடும். தோல் காய்ந்தால் செதில், ஈரமாக இருந்தால் தலை. அதனால் தினமும் காலையில் வரிசைக்குப் போகும் முன் அம்மா சொன்னபடி ஈரத்துணியால் வகிட்டில் ஒற்றி, பொருக்குத் தட்டாமல் பார்த்துக்கொண்டேன். என் புண்ணை நானே ஆறவிடாமல் பச்சையாக வைத்திருந்தேன். வாரம் முழுவதும் குப்புறப் படுத்துத் தூங்கினேன். தினமும் தோளில் தட்டு விழுந்தது. தினமும் உள்ளே போனேன்.

சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அம்மா இன்னும் வரவில்லை. தண்ணீர் டிரம்மை நகர்த்தியபோது பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. குளிர்பானப் பாட்டில், உள்ளே பாதிக்குப் பச்சை நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அன்று என் மடியில் கிடந்த துடைப்பத்தில் அடித்த அதே மருந்து நாற்றம். அடுப்புத் திண்டில் வருடக்கணக்கில் எண்ணெய் படிந்து கறுத்துக்கிடந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு கரைந்து வழிந்து, அடியிலிருந்த சிமெண்டு வெளுத்துத் தெரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசல் இயந்திரத்துக்கு அடியில் தரையில் தேங்குகிற ஆயிலை எடுக்க அவர்கள் கம்பெனியில் கொடுக்கிற மருந்து. கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மூடி, எப்பேர்ப்பட்ட ஆயிலும் ஓடிவிடும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தரையில் எண்ணெய் போகிறது, தலையிலும் எண்ணெய்தானே என்று அவள் புத்தி போயிருக்கிறது. பெருக்குகிறவளின் புத்தி. நான் அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

அவள் வந்தாள். வழக்கம்போல வாசலில் செருப்பை உதறிவிட்டு, உட்காரு அவிழ்க்கிறேன் என்றாள். உட்கார்ந்தேன். அவிழும் வரைக்கும் பேசக்கூடாது என்று இருந்தேன். ஊசிகள் வந்தன. பின்னலின் கீழ்ப்பகுதி பிரிந்தது. மேலே வர வர முடி தோலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவைத்து இழுத்தாள். உச்சியில் ஓரிடத்தில் பின்னல் அப்படியே கையோடு வந்துவிட்டது, வேரும் பொருக்குமாக. அவள் அதை என் கண்ணில் படாமல் பின்னால் வைத்தாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு என் தலை அவள் கையில் இருந்தது. அந்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.

எழுந்தேன். பாட்டிலை எடுத்தேன். எனக்கு அவளைவிட உயரம் அதிகம். தரை கழுவுகிற மருந்தையா என் தலையில் ஊற்றினாய், உன் தலையில் ஊற்றினால் தெரியும் என்று கத்திக்கொண்டே ஒரு கையால் அவள் தோளைப் பிடித்து அமுக்கி, அவள் தலையில் கட்டியிருந்த துண்டைப் பிடுங்கினேன். ஒரு வாரத்துக்கும் மேலாகச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குள்ளும் அதைக் கட்டிக்கொண்டே திரிந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவள் தலையைப் பற்றி யார் நினைத்தார்கள்?

துண்டு ஒரே இழுப்பில் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

உச்சியிலிருந்து இடது காது வரைக்கும் வெந்திருந்தது. என்னுடையதைவிடப் பழைய புண். ஓரங்களில் கறுத்துப் பொருக்குத் தட்டி, நடுவில் இன்னும் பச்சையாக இருந்தது. அந்தப் பக்கம் பாதி முடி இல்லை. பாட்டில் என் கையில் சாய்ந்தபடி நின்றது.

"இன்னா பாக்குற," என்றாள் அம்மா. "உனக்கு மின்னாடி வெள்ளிக்கெழமயே ஊத்திப் பாத்துட்டேன்."

எனக்கு ஊற்றியது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் இரண்டு ராத்திரி அவள் இந்தத் தலையோடு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

வாரம் முழுவதும் குப்புறப் படுத்துக்கொண்டு, அவளை மன்னிப்பதற்கு நான் ஒரு வழி தேடியிருந்தேன். படிக்காதவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு நாள் மன்னித்துவிடலாம் என்றிருந்தேன். என்னிடம் இருந்த ஒரே வழி அதுதான். துண்டோடு சேர்ந்து அதுவும் கையில் வந்துவிட்டது.

"எரியும்னு தெரிஞ்சிகினேதான் ஊத்தினியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிகினேதான்."

அவள் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்க்கவில்லை, விலகவும் இல்லை. ஊற்றுவதானால் ஊற்று என்பது மாதிரி தலையைக் குனிந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேல இருக்குதா, இல்லியா? அத்த சொல்லு."

இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.